படகோடு சேர்த்துத் தைத்த மனிதர்

“நீச்சல் தெரியாத மனுஷனுக்கு மோட்டார் எதுக்குங்க? சீக்கிரமாப் போய் முழுகுறதுக்கா?”

“முழுகுறதுக்குன்னு யாராவது இவ்வளவு நல்ல படகு வாங்குவாங்களா? கொஞ்சம் அறிவோட பேசு.”

“அறிவைப் பத்தி நீங்க பேசாதீங்க. போன வாரம் சட்டைப் பாக்கெட்ல மீனைப் போட்டுக்கிட்டு வந்த ஆளு.”

இந்த இடத்தில் நான் குழாயை மூடினேன். ஒட்டுக் கேட்பதற்காக இல்லை, தண்ணீர் வீணாகக் கூடாதே என்கிற பொறுப்பு. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் அவர்கள் பின்வாசலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர், அதுவும் என் தோள் உயரத்துக்குத்தான். குறை சொல்வதென்றால் சுவர் கட்டியவரைச் சொல்லுங்கள்.

பல்செட்காரர் வீடு என்றால் எங்கள் தெருவில் யாரும் வழிகாட்டுவார்கள். அவர் முன்னறையில் மெழுகையும் அச்சையும் வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்குப் பல் செய்து தருகிறவர். நடு அறையில் அவர் மனைவியின் தையல் மெஷின். ஊரின் மீதிப் பாதி அவள் தைத்த திரைச்சீலைக்குப் பின்னால்தான் குடித்தனம் நடத்துகிறது. எங்கள் வீட்டு ஜன்னலுக்கும் அவள்தான் தைத்தாள். நன்றாக மறைக்கும், ஓரத்தை லேசாக விலக்கினால் நன்றாகத் தெரியவும் செய்யும்.

ஒரு வயதுக்கு மேல் சில ஆண்களுக்குத் தலைக்குச் சாயம் அடிக்கத் தோன்றும். இவருக்கு மீன் பிடிக்கத் தோன்றியது. முதலில் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டார். கரையில் கிடைப்பதெல்லாம் பொடி, பெரியது நடு ஆற்றில்தான் என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். அடுத்த மாதமே பின்வாசலில் ஒரு ஆரஞ்சு நிறக் கயாக் வந்து படுத்துக்கொண்டது. ஒரே ஒரு ஆள் கால் நீட்டி உட்காரக்கூடிய, வெள்ளரிக்காய் மாதிரி நீண்ட பிளாஸ்டிக் படகு. வாலில் ஒரு சின்ன மின்சார மோட்டார், முதுகுக்குப் பின்னால் பேட்டரி. கைப்பிடியை முறுக்கினால் போகும், இன்னும் முறுக்கினால் இன்னும் வேகமாகப் போகும். துடுப்புப் போட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். துடுப்புப் போட்டால் கை நடுங்கும், கை நடுங்கினால் அடுத்தவர் வாயில் பல் கோணும் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

நங்கூரத்தைக்கூடத் தன் வேலை மேஜையை வைத்துத்தான் யோசித்தார். மேஜையில் கத்தியும் மெழுகு விளக்கும் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் அவருக்கு. படகிலும் அப்படியே. நங்கூரக் கயிற்றை வலது பக்க விளிம்பில், இடுப்புக்கு நேராக, கை எட்டும் தூரத்தில் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். மேஜைக்கு அது நல்ல பழக்கம்தான்.

நாங்கள் தெருவே சேர்ந்து அந்தப் படகைப் பார்த்துச் சிரித்தோம். சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். படகு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கனவு, திரும்பத் திரும்ப வந்தது. படகு மட்டும் தனியாக வீட்டுக்கு வருகிறது. யாரும் ஓட்டாமல், மோட்டார் மெதுவாகச் சுற்ற, தெரு வழியாக வந்து பின்வாசலில் நின்றுகொள்கிறது. இவள் கதவைத் திறந்து, அவர் எங்கே என்று அதனிடம் கேட்கிறாள். இதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது ஏனோ பின்வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் பயப்பட்டால் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. பயப்பட்டால் தைப்பாள். மகளுக்கு அம்மை போட்டபோது மூன்று படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடித்தவள். அன்றைய சண்டையும் தையலில்தான் முடிந்தது. அவருடைய லைஃப் ஜாக்கெட் யாரோ ஒரு பயில்வானுக்கு அளவெடுத்தது. இவரோ அதற்குள் சாவிக்கொத்து மாதிரி ஆடிக்கொண்டிருப்பார். அதை உடம்போடு பிடித்துத் தைத்துத் தருவதாக அவள் சொன்னாள். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டாள். ஜாக்கெட்டின் முதுகிலிருந்து ஒரு வார், அதன் மறுமுனை படகின் இருக்கையில். ஆள் வழுக்கி விழுந்தாலும் படகைவிட்டுப் போக முடியாது. படகுதான் முழுகாதே, அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாரே.

“படகைவிட்டுப் பிரியவே முடியாதபடி தைச்சுடு. ஒரு நாளும் அவுக்க மாட்டேன், போதுமா?” என்றார் பல்செட்காரர். வாக்குக் கொடுத்தால் மாறாத மனிதர் வேறு.

பழைய பயணப் பையின் வாரை வெட்டி எடுத்தாள். இருக்கைப் பக்கத்து முனையைத் தானே தைத்தாள்: சதுரமாக ஒரு பெட்டி, அதற்குள் மூலைக்கு மூலை குறுக்குத் தையல், அதன்மேல் இன்னொரு முறை. அவள் தைத்ததில் துணி கிழியும், தையல் பிரியாது. பிரிந்ததென்று யாரும் இதுவரை அவள் வாசலில் வந்து நின்றதில்லை. இதை அவளும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

ஜாக்கெட் பக்கத்து முனையை மகளிடம் தள்ளிவிட்டாள். மறுநாளைக்குத் தர வேண்டிய திரைச்சீலை மலைபோல் கிடந்தது. மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மெஷினைக் கண்டாலே முகம் சுளிப்பாள். அவள் போடும் தையல் குடித்தவன் நடந்த வழி மாதிரி இருக்கும் என்று அம்மாவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நூலை மாற்று, பெட்டி போடு, குறுக்கே போடு என்று மூன்று முறை சொல்லிவிட்டுத் திரும்பினாள். மகள் உட்கார்ந்ததையும் பார்த்தேன், எழுந்ததையும் பார்த்தேன். அதற்குள் என் பால் பொங்கக்கூட இல்லை. வழக்கமாக மகள் தைத்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் நீவிப் பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் தேநீர்க் கோப்பையோடு சமாதானத்துக்கு வந்தார், பாக்கெட்டில் வைத்த மீன் சின்னது என்று ஆரம்பித்தார், சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போனார். அவர் ஆற்றுக்குப் போனால் சிறிது நேரத்தில் அவள் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். காய்கறிக் கடை கிழக்கே; இவள் போவது மேற்கே, தடுப்பணை மேல் இருக்கும் பாலத்துக்கு. அன்று பை தூக்க மகளையும் இழுத்துக்கொண்டாள். தனியாகப் போகிறார்களே என்று நானும் துணைக்குப் போனேன். இரண்டு பேர் போவது எப்படித் தனியாகும் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

பாலத்தின் கீழே ஒரு மதகு மட்டும் லேசாகத் திறந்திருந்தது, மற்றவை வரிசையாக மூடியிருந்தன. ஆறு அணைக்கு மேற்பக்கம் நிறைந்து நின்றது. கீழ்ப்பக்கம் பாறைகளுக்கு நடுவே சுறுசுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தின் நடுவில் அந்த ஆரஞ்சு. பல்செட்காரர் நங்கூரம் போட்டு, காலை நீட்டி, தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். முதுகிலிருந்து கறுப்பாக வார் தொங்கியது தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் அவள் கம்பியை விட்டுக் கையை எடுத்தாள். நானும் சொன்னேன், தொட்டில் குழந்தை மாதிரி இருக்கிறார் என்று.

பாலத்தின் கோடியில் ஒரு சின்ன அறை உண்டு. மதகுக்காரர் அங்கேதான் இருப்பார். முப்பது வயது இருக்கும், எப்போதும் சவரம் செய்ய மறந்த முகம். அவர் வெளியே வந்து, மேலே மழை, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, மதகைத் தூக்கப் போகிறோம், ஓரமாகப் போங்கள் என்றார். பிறகு கீழே பார்த்து, அது யார் என்று கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர்தான் தம்பி. பயமில்ல. படகோட சேர்த்துத் தைச்சுத்தான் அனுப்பியிருக்கேன்,” என்றாள் அவள், சற்றுப் பெருமையாகவே.

மதகுக்காரர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்கு முன் எனக்குப் பயம் என்று ஒன்று இல்லை.

“படகோடவா? ஆளையா?” என்றார். “அக்கா, படகு கவுந்தா ஆளு வெளிய வரணும். கட்டியிருந்தா அடியிலயே மாட்டிக்குவாரு. முதுகுலயா கட்டியிருக்கீங்க? கைக்கு எட்டாதே.”

காய்கறிப் பை அவள் கையிலிருந்து விழுந்தது. மதகுக்காரர் அறைக்குள் ஓடினார். கதவு திறந்தே கிடந்ததால் மதகைத் தூக்குகிற கட்டுப்பாட்டு அறைக்குப் போனில் கத்துவது கேட்டது: நிறுத்துங்க, தூக்காதீங்க, கீழ ஆளு இருக்கு. ஆனால் மதகு தூக்குமுன் ஊதும் சங்கு, இருக்கிறவர்களைக் கரைக்கு வரச் சொல்வதற்காகவே இருக்கும் அந்தச் சங்கு, அதற்குள் ஊத ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டேனோ என்று நினைக்க வைக்கும், அவ்வளவுதான். பாலத்தின் மேல் நின்று கேட்டால் அது எலும்புக்குள் ஊதுகிறது.

கீழே பல்செட்காரர் துள்ளி நிமிர்ந்தார். தூண்டிலைக் கீழே போட்டார். வலக்கையால் நங்கூரக் கயிற்றை இழுத்தார். வரவில்லை. பாறையிடுக்கில் சிக்கியிருக்க வேண்டும். இன்னொரு முறை இழுத்தார். நாங்கள் மூன்று பேரும் மேலிருந்து ஆளுக்கொன்று கத்தினோம். விடுங்கள் என்று அவள், அறுங்கள் என்று மகள், நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. சங்குச் சத்தத்தில் எதுவும் கீழே போய்ச் சேரவில்லை. நாங்கள் அவசரப்படுத்துகிறோம் என்று மட்டும் புரிந்திருக்கும் போலிருக்கிறது. பயந்த மனிதர் செய்வதையே செய்தார். கைப்பிடியைக் கடைசி வரை முறுக்கினார்.

மோட்டார் படகைத் தள்ளியது. நங்கூரம் விடவில்லை. படகு கயிற்றைச் சுற்றிக் குறுக்காகத் திரும்பியது, ஓட்டம் வந்து விலாவில் மோதியது, கயிறு கட்டியிருந்த வலப்பக்க விளிம்பு கீழே போனது. மெதுவாக. யாரோ ஒரு தட்டைச் சாய்த்துக் குழம்பை ஊற்றுகிற மாதிரி. பிறகு ஆரஞ்சு வயிறு மேலே வந்தது.

சங்கு நின்றது. மதகுக்காரர் சொன்னது அவர்களுக்கு எட்டியிருக்க வேண்டும். அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் கேட்டது. கவிழ்ந்த படகின் வாலில், காற்றில், மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. யாருமில்லாமல். அவள் கனவில் சுற்றியது போலவே.

தொப்பி தனியாகப் போனது. ஆள் வரவில்லை.

அவள் கம்பியைப் பிடித்தபடி படகின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. கிட்டே இருந்ததால் எனக்குக் கேட்டது. பெட்டி போட்டிருக்கேன், குறுக்கே போட்டிருக்கேன், ரெண்டு தடவ போட்டிருக்கேன். தன் தையல் எவ்வளவு பலமானது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஊர் முழுக்கச் சொன்னதை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமையோடு சொன்ன அதே வார்த்தைகள்.

“அம்மா,” என்றாள் மகள். “ஜாக்கெட் பக்கம் நான் பெட்டி போடலம்மா. ஒரே ஒரு தையல்தான் ஓட்டினேன்.”

அவள் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“என்ன நூல்?”

“பாபின்ல மிச்சம் இருந்த காட்டன் நூலு. மாத்தல.”

“தையலைப் பெருசா வச்சியா, சின்னதா வச்சியா?”

“பெருசா. சீக்கிரம் முடியட்டும்னு.”

அவள் கம்பிக்கு மேலே பாதி உடம்பு தொங்கும்படி சாய்ந்து, என் வாழ்நாளில் கேட்டிராத ஒரு குரலில், தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். “இழுங்க! இழுத்துப் பிச்சுக்கிட்டு வாங்க! பிரியும்ங்க, அது பிரியும்!”

தண்ணீருக்கடியில் இருக்கிறவருக்கு அது கேட்டிருக்காது. தனக்குக் கேட்டது என்றுதான் பல்செட்காரர் இன்றுவரை சாதிக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

படகு ஒருமுறை குலுங்கியது. இன்னொரு முறை. பிறகு அதற்குச் சற்றுக் கீழே, ஓட்டத்தில், மஞ்சளாக ஒன்று குபுக்கென்று மேலே வந்தது. ஜாக்கெட். அதற்குள் ஆள். அவள் உடம்போடு பிடித்துத் தைத்திருந்ததால்தான் அது தலை வழியாகக் கழன்று போகாமல் அவரையும் தூக்கிக்கொண்டு வந்தது. இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். முதுகில் ஒரு நூல் பிசிறு தொங்கியதே தவிர வார் இல்லை. வார் படகோடு நின்றுவிட்டது.

மதகுக்காரர் அதற்குள் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார், அறைச் சுவரில் மாட்டியிருக்கும் கயிறு கட்டிய வளையத்தோடு. முதல் வீச்சு எட்டவில்லை. இரண்டாவது பல்செட்காரர் தலையில் பட்டது. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் படியில் மகள் மதகுக்காரரின் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொள்ள, அவளை நான் பிடித்துக்கொள்ள, எல்லோருமாக இழுத்தோம். இழுத்துப் போட்டதும் குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தார். முகம் சுண்ணாம்பு நிறம். மனைவி பாலத்திலிருந்து இறங்கி வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. வந்ததும் திறந்தார்.

“உன் தையல் பிரிஞ்சு போச்சு,” என்றார். புகார் மாதிரி இல்லை. வாங்கிய பொருளை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது மாதிரி.

“அது என் தையல் இல்லீங்க,” என்றாள் அவள். அப்படியே அந்த ஈரப் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த நிலையிலும் அதைச் சொல்லாமல் விட அவளால் முடியவில்லை பாருங்கள். நான் இதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். சிரிக்கும்போது கையிலிருந்த தட்டு நழுவி உடைந்தது.

அதன் பிறகு நெடுநாள் அந்த வீட்டில் மெஷின் ஓடவில்லை. திரைச்சீலைக்காரர்கள் வந்து வந்து திரும்பினார்கள். நான் எட்டிப் பார்க்கும் நேரமெல்லாம் அவள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள், பாதம் மிதிமேல், மிதிக்காமல். ஒருநாள் சுவர் ஓரமாக வந்து நின்று, அக்கா, அதை நானே தைச்சிருந்தா என்று ஆரம்பித்தாள். நான் உடனே வெங்காய விலையைப் பற்றிப் பேசினேன். சங்கு ஊதும் நாட்களில் அவள் ஓடி வந்து முன்னறையில் எட்டிப் பார்ப்பாள். அவர் அச்சும் மெழுகுமாக உட்கார்ந்திருப்பார். இருந்தும் கிட்டப் போய்த் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். அவரும் ஆற்றுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. படகைக் கீழ்க்கரையில் யாரோ கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள், இருக்கையில் வார் அப்படியே தொங்க. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவள் கத்தரிக்கோலால் அதை வெட்ட முயன்று முடியாமல் கடைசியில் அவருடைய மெழுகுக் கத்தியைச் சூடாக்கித்தான் அறுக்க முடிந்தது.

மகளைத் தையலுக்கு உட்கார் என்று யாரும் அதற்குப் பிறகு சொன்னதில்லை. அவள் தையலைப் பற்றி ஊரில் குறை பேசுவதும் நின்றது.

படகை ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வாங்கிக்கொண்டு போனார். நங்கூரத்தைப் படகின் மூக்கில் கட்டுங்கள், ஆளைக் கட்டாதீர்கள் என்று பல்செட்காரர் வாசல்வரை வந்து இரண்டு முறை சொல்லி அனுப்பினார். மகள், நீங்கள் நினைத்தது சரிதான், அடுத்த வருடம் மதகுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இடுப்புத் துணியைப் பிடித்தது அன்று மட்டுமில்லை என்று எனக்கு முன்பே தெரியும், நான்தான் யாரிடமும் சொல்லவில்லை, ஓரிருவரைத் தவிர. அவருக்கு மாற்றலாகி இருவரும் மேலே வேறொரு அணைக்குக் குடிபோனார்கள். கொஞ்ச காலத்தில் பெற்றவர்களும் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார்கள். அங்கே வீடு பார்த்தபோது, அறை எத்தனை, தண்ணீர் வருமா என்றெல்லாம் அம்மா கேட்கவில்லையாம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சங்குச் சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்தாளாம். கேட்காத வீட்டைத்தான் எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்கு இப்போது புதிதாக ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். சண்டையே போடுவதில்லை. எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ.